முழங்காலுக்குக் கீழே

பேனாவை உள்ளே வைங்க. எழுதிக்கிற அளவுக்கு நான் ஒண்ணும் சொல்லப்போறதில்லை. அந்த நாற்காலி ஆடும், இதுல உட்காருங்க. மூணு மாடி ஏறி வந்திருக்கீங்க, தண்ணி குடிங்க. பால் இல்லை, வெறும் டீதான் போடலாம். வேண்டாமா? சரி.

புதுசா நம்ம சைக்கிள் குரூப்ல சேர்றவங்க என்கிட்ட வர்றது வழக்கமாயிடுச்சு. சித்திரையிலிருந்து எண்ணினா நீங்க ஏழாவது ஆள். பாம்புக்கடின்னா சுகிர்தாகிட்டப் போங்கன்னு சொல்லி அனுப்பிடறாங்க. நானும் சொல்லித் தர்றேன். எனக்கு ஆளுங்ககிட்டப் பேச வராது. நாலு பேர் சேர்ந்து நின்னா தொண்டை அடைச்சுக்கும். அதனாலதான் ரெண்டு வருஷம் முன்னாடி எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, ஆளுக்கு ஒண்ணு கொடுத்தேன். உங்களுக்கும் கொடுத்திருப்பாங்களே? அந்தத் தாள்தான்.

அதுல நான் எழுதினதெல்லாம் சரிதான். சைக்கிளைப் புல்லுக்குள்ள சாய்ச்சு வைக்காதீங்க. பாறை இடுக்குல கையை ஊணாதீங்க. காதுல பாட்டு மாட்டிக்கிட்டு ஓட்டாதீங்க. காலையில வெயில் ஏறின புதுசுல பாம்பு தடத்துக்கே வந்து படுத்துக்கும், வளைவுல வேகத்தைக் குறைங்க. பாத்ரூம் போறதுன்னா குச்சியால தட்டிட்டுப் போங்க. இதை எழுதினப்ப எல்லாரும் சிரிச்சாங்க. வசீகரன் அண்ணா மட்டும் சிரிக்கலை. குரூப்பை ஆரம்பிச்சவங்க அவங்கதான், உங்களுக்குத் தெரியுமே. பம்ப்செட் உதிரி பாகம் பண்றாங்க. "எழுதினவளே பாத்ரூம் போக வெக்கப்பட்டுட்டு ஆறு மணி நேரம் அடக்கிக்கிட்டு ஓட்டறா"ன்னு சொன்னாங்க. அப்புறம் அவங்களும் சிரிச்சாங்க.

எல்லாத்தையும்விட முக்கியம் கெய்ட்டர். முழங்காலுக்குக் கீழே ஷூ வரைக்கும் சுத்திக்கிற தடிச்ச உறை. கடையில வாங்கினா விலை ஜாஸ்தி. உக்கடத்துல லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற ஒருத்தரைப் பிடிச்சேன். ரெண்டு மடிப்புத் தார்ப்பாய், நடுவுல கெட்டியான பிளாஸ்டிக் ஷீட். "பாம்பு கடிக்கறதுக்கா பாப்பா இவ்வளவு, இது துப்பாக்கிக்கே தாங்கும்"னு சொன்னார். முப்பது ஜோடி தைச்சுக் கொடுத்தார். அதை ஒழுங்காப் போட்டுக்கிட்டா உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நிஜமாத்தான் சொல்றேன். ஒண்ணும் ஆகாது.

பாம்புக்கடிக்குப் போடற கட்டு கத்துக்கத்தானே வந்தீங்க, தெரியும். பையில டியூப் வச்சிருப்பீங்க. இருக்கட்டும், அவசரமில்லை.

கோகிலாவைப் பார்த்திருப்பீங்க. கோகிலவாணி. ஒரு பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சரா இருந்தா. இப்பவும் அங்கேதான், லைப்ரரியில உட்கார்ந்திருக்கா. நானும் அவளும் காலேஜ்ல ஒண்ணாப் படிச்சவங்க. என்னை இந்தக் குரூப்புக்கு இழுத்துட்டு வந்ததே அவதான். "நீ பேச வேண்டாம், மிதிச்சாப் போதும் வா"ன்னாள். நான் வந்தேன். அவ எப்பவும் முன்னாடி, நான் எப்பவும் கடைசி. முதலுதவிப் பை என்கிட்ட இருக்கும், அதனால.

போன கார்த்திகை. மழை விட்டு நாலு நாள் ஆகியிருந்தது. ஆனைகட்டி ரோட்டுலேருந்து உள்ளே போற ஒரு கரட்டுத் தடம். மேலே ஏற்றத்துல யாராலும் மிதிக்க முடியாது, ஒரு மணி நேரம் தள்ளிக்கிட்டேதான் போகணும். ஏறும்போது கெய்ட்டர் போட மாட்டோம், உள்ளே வெந்துடும். மேலே பாறையில உட்கார்ந்து, தண்ணி குடிச்சிட்டு, இறங்கறதுக்கு முன்னாடிதான் மாட்டுவோம். அன்னிக்கும் அப்படித்தான். நான்தான் எல்லார் காலையும் சரிபார்த்தேன். கோகிலா ஒரு பட்டையை லூசா விட்டிருந்தா. நான் இறுக்கினேன். "டீச்சர் நான், நீ என்னடி என்னைச் சோதனை போடறே"ன்னாள்.

இறங்கும்போது மூணாவது வளைவுல அவ சைக்கிள் நின்னுடுச்சு. கல்லுல சக்கரம் தட்டிப் பக்கத்துல காலை ஊணினா. ஊணின இடத்துல அது இருந்திருக்கு. நான் பின்னாலேருந்து பார்த்தேன். என்னமோ ஒண்ணு அவ கால்ல பட்டுட்டு விலகற மாதிரி இருந்தது. அப்புறம் வால். வசீகரன் அண்ணா கண்ணாடி விரியன்னாங்க. நான் பார்த்தது வால் மட்டும்தான்.

கோகிலா கீழே உட்கார்ந்துட்டா. கெய்ட்டரைக் கழட்டினேன். கெண்டைக்கால்ல ரெண்டு சிவப்புப் புள்ளி. பக்கத்துல பக்கத்துல. ரத்தம் துளிர்த்து நின்னது.

இப்ப உங்க காலைக் கொஞ்சம் பாருங்க. சேர்ந்து எத்தனை மாசம் ஆச்சு? ரெண்டா? அப்ப இருக்கும். கெண்டைக்கால்ல புள்ளி புள்ளியாத் தழும்பு இருக்குமே. ஆமா, அதேதான். நம்ம பெடல்ல ஷூ வழுக்காம இருக்க இரும்பு முளை வச்சிருப்பாங்க. தள்ளிக்கிட்டு ஏறும்போது பெடல் சுத்தி வந்து இடிக்கும், முளை குத்தும். என் கால்ல பாருங்க, இது போன வருஷத்துது. இது அதுக்கும் முந்தினது. எங்க எல்லாருக்கும் இருக்கு. மலையில சைக்கிள் ஓட்டறவங்க காலைப் பார்த்தே அடையாளம் சொல்லிடலாம்.

அன்னிக்குக் காலையில ஏறும்போது கோகிலா ரெண்டு தடவை "ஆ"ன்னு கத்தினா. பின்னாடி வந்த எனக்குக் கேட்டுது. பெடல் இடிச்சிருக்கும்னு நினைச்சுக்கிட்டேன். நினைச்சது ஞாபகம் இருக்கு.

ஆனா அந்த இடத்துல அது தோணலை.

நான் எழுதின தாள்ல அப்ப ஒரு வரி இருந்தது. உங்க தாள்ல இருக்காது. 'கடித்த இடத்துக்கு மேலே எதையும் இறுக்கிக் கட்டக் கூடாது.' ஆறாவது வரி. நான் மூணு டாக்டர்கிட்டக் கேட்டு எழுதினது. கட்டினா ரத்தம் நின்னு காலே போயிடும், காலை அசைக்காம வச்சுச் சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாப் போதும்னு சொன்னாங்க. எனக்கு நல்லாத் தெரியும். வேற யாருக்கும் அவ்வளவு தெரியாது.

கோகிலா "கட்டுடி, ஏதாவது கட்டுடி"ன்னு கத்தினா. போன்ல சிக்னல் இல்லை. வசீகரன் அண்ணா முகமே வெளுத்துப்போச்சு, "என்ன பண்றது சுகிர்தா, சொல்லு"ன்னாங்க. எல்லாரும் என்னையே பார்த்தாங்க. பதினோரு பேர். வேண்டாம், கட்டக் கூடாதுன்னு சொல்லணும். அதுக்கு வாயைத் திறக்கணும். கட்டறதுக்குப் பேச வேண்டியதில்லை. பையிலேருந்து ஸ்பேர் டியூபை எடுத்தேன், நடுவுல வெட்டினேன், முழங்காலுக்குக் கீழே ரெண்டு சுத்து சுத்தி இழுத்து முடிச்சுப் போட்டேன். சைக்கிள் டியூப் எப்படி இறுகும்னு உங்களுக்குத் தெரியுமே. அப்ப மணி ஒன்பது இருபது.

எல்லாருக்கும் மூச்சு வந்தது. வசீகரன் அண்ணா என் முதுகுல தட்டினாங்க.

அவளை நடக்கவிடக் கூடாதுன்னு தூக்கிக்கிட்டு இறங்கினோம். மாத்தி மாத்தித் தூக்கினோம். பாதி வழியில அவ "வலிக்குது சுகி, கொஞ்சம் அவிழ்த்து விடேன்"னு அழுதா. விஷம் ஏறிடும், பொறுத்துக்கோன்னு வசீகரன் அண்ணா சொன்னாங்க. நான் அவ கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்தேன். செங்கல் ஏத்திட்டு வந்த ஒரு மினி லாரியை நிறுத்தினப்போ, "இப்ப வலிக்கலை"ன்னாள். "மரத்துப்போச்சு, ஒண்ணும் தெரியலை"ன்னாள். எங்களுக்கெல்லாம் அப்பாடான்னு இருந்தது. நானும் அப்பாடான்னுதான் நினைச்சேன்.

ஆஸ்பத்திரிக்குள்ள போனப்ப மணி பதினொண்ணு பத்து. டாக்டர் டியூபைப் பார்த்ததும் நின்னுட்டார். "யார் கட்டினது?" நான்னு சொன்னேன். "எவ்வளவு நேரமாச்சு?" அரை மணின்னு சொன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்னு நீங்க கேட்கலை. நல்லது. டாக்டர் அவ கால் நிறத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அரை மணியில இப்படி ஆகாதேம்மா"ன்னார். மெதுவாத்தான் அவிழ்த்தாங்க. ரத்தத்தைக் கண்ணாடிக் குழாய்ல எடுத்து, அசைக்காம இருபது நிமிஷம் வச்சாங்க. விரியன் விஷம்னா உறையாதாம். உறைஞ்சிருந்தது. ஆறு மணி நேரம் கழிச்சு மறுபடி எடுத்தாங்க. அப்பவும் உறைஞ்சிருந்தது. விஷ முறிவு மருந்து ஒரு பாட்டில்கூடப் போடலை.

நைட் டியூட்டிக்கு வந்த நர்ஸ் அக்கா கெய்ட்டரைக் கேட்டாங்க. கொடுத்தேன். வெளிப்பக்கம் ரெண்டு ஓட்டை இருந்தது. உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தாங்க. திருப்பிப் போட்டு லைட்டுல காட்டினாங்க. அப்புறம் அதை அவ கால் மேலயே வச்சுப் பார்த்தாங்க. "ஓட்டை கணுக்கால்கிட்டல்ல இருக்கு? காயம் நாலு விரல்கடை மேல இருக்கே பாப்பா. இது பல்லே உள்ள வரலையே"ன்னாங்க. கோகிலா தூங்கிட்டிருந்தா. அவ அம்மா டீ வாங்கப் போயிருந்தாங்க. நான் கெய்ட்டரை வாங்கிப் பைக்குள்ள வச்சுக்கிட்டேன்.

புரிஞ்சுதுங்களா? பாம்பு கடிச்சது தார்ப்பாயை. அவ கால்ல இருந்தது பெடல் குத்தினது. நான் தைக்கச் சொன்ன உறை அவளைக் காப்பாத்திடுச்சு. அதுக்கப்புறம் நான் கட்டினேன்.

முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு நரம்பு எலும்பை ஒட்டிப் போகுதாம். அதை டியூப் நசுக்கிடுச்சு. அவளால இப்ப பாதத்தை மேலே தூக்க முடியாது. தொங்கும். பிளாஸ்டிக் பட்டை மாட்டிக்கிட்டு நடக்கறா. சரியாகலாம், ஆகாமலும் போகலாம்னு சொல்றாங்க. ஒன்பது மாசம் ஆச்சு.

அவங்க வீட்டுல, விஷம் கால்லயே நின்னு இப்படி ஆச்சு, கட்டினதாலதான் மேலே ஏறலைன்னு நினைக்கிறாங்க. கால் போனாலும் உயிர் பிழைச்சாளேன்னு. அவ அம்மா பொங்கலுக்கு எனக்குப் புடவை எடுத்துக் கொடுத்தாங்க. "நீ கட்டலைன்னா எம் புள்ள ஏது சாமி"ன்னு கன்னத்தைத் தடவினாங்க. பச்சை நிறப் புடவை. கட்டிக்கிட்டு வான்னு சொன்னாங்க, கட்டிக்கிட்டுப் போனேன். நான் பொய் ஒண்ணும் சொல்லலை பாருங்க. டாக்டர்கிட்டச் சொன்னது ஒண்ணுதான். மத்தவங்ககிட்ட ஒரு வார்த்தை பொய் சொல்லலை. அவங்களா பேசறாங்க, நான் கேட்டுக்கிறேன்.

தை மாசம் குரூப் மீட்டிங்ல வசீகரன் அண்ணா என் தாளை எடுத்து வச்சுக்கிட்டு, "சுகிர்தா, இந்த ஆறாவது வரி இனிமே எதுக்கு? எடுத்துடலாமா?"ன்னு கேட்டாங்க. அறுபது பேர் இருந்தாங்க. நான் தலையை ஆட்டினேன். எடுத்துட்டு, 'ஒவ்வொருவரும் இரண்டடி டியூப் வைத்திருக்க வேண்டும்'னு போட்டாங்க. உங்க தாள்ல ஆறாவது வரி அதுதானே? 'சுகிர்தா கட்டு'ன்னு பேர் வேற வச்சிருக்காங்க. அறுபது பேர் பையிலயும் இப்ப அது இருக்கு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அவங்க மலை ஏறும்போது நான் வீட்டுல இருப்பேன். பத்து மணி வரைக்கும் போனையே பார்த்துட்டு இருப்பேன். பத்து மணிக்குள்ள இறங்கிடுவாங்க. அப்புறம் துணி துவைப்பேன்.

கோகிலாவுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிஞ்சா என்கிட்டப் பேசுவாளா? தினமும் போன் பண்றா. பிசியோதெரபி பண்றவங்க நரம்பு எப்படி நசுங்குச்சுன்னு படம் போட்டுக் காட்டினாங்களாம், அதை எனக்கு விவரமாச் சொன்னா. அந்தக் கெய்ட்டரை ஞாபகத்துக்கு வேணும்னு கேட்டா, துவைச்சுக் கொடுத்தேன். அவ கட்டில்கிட்ட மாட்டி வச்சிருக்கா, உள்பக்கம் வெளியே தெரியற மாதிரி. சரியா மாட்டத் தெரியலை அவளுக்கு. "அன்னிக்கு எத்தனை மணிக்குடி கட்டினே?"ன்னு அப்பப்ப கேட்பா. அன்னிக்கு இருந்த பயத்துல அவ மணி பார்த்திருக்க மாட்டா, அதனால தெரிஞ்சுக்க ஆசை. சரியா ஞாபகமில்லைன்னுடுவேன்.

இதெல்லாம் ஏன் உங்ககிட்டச் சொல்றேன்னு தெரியலை. முன்னாடி வந்த ஆறு பேர்கிட்டயும் சொல்லலை. கட்டிக் காட்டினேன், கத்துக்கிட்டாங்க, போயிட்டாங்க. ஒரு பொண்ணு போட்டோகூட எடுத்துக்கிட்டா. நீங்க வந்ததும் டியூபை எடுத்து நீட்டியிருந்தா உங்களுக்கும் கட்டியிருப்பேனோ என்னமோ. நீங்க தயங்கித் தயங்கி, "இது எப்பவும் சரியா வருமாங்க?"ன்னு வாசல்லயே கேட்டீங்க. அதை இதுவரைக்கும் யாரும் கேட்கலை.

வராதுங்க. எப்பவுமே வராது. நிஜமாவே கடிச்சாலும் கட்டாதீங்க. யாராவது கட்ட வந்தாலும் விடாதீங்க. அவ்வளவுதான். டியூபைப் பஞ்சருக்கு வச்சுக்கோங்க.

மத்தவங்ககிட்டயா? நீங்களே சொல்லிடுங்களேன். வசீகரன் அண்ணாகிட்டச் சொன்னா அவங்க எல்லாருக்கும் மெசேஜ் போட்டுடுவாங்க. என் பேரைச் சொல்ல வேண்டாம், யாரோ டாக்டர் சொன்னதாச் சொல்லுங்க. உங்களை இங்கே அனுப்பினதே அவங்கதானே?

அவங்க இல்லையா?

கோகிலாவா?

கேள்வியையும் அவதான் சொல்லிக் கொடுத்தாளா? போனதும் முதல்ல இதைக் கேளுன்னு... சரி. அப்ப முன்னாடி வந்தவங்களை? அந்தப் போட்டோ எடுத்த பொண்ணை? உங்களுக்கு எப்படித் தெரியும்? ஓ. ஆறு பேரையும் அவதான்.

ஆறு பேரும் திரும்பிப் போய் அவகிட்டக் கட்டிக் காட்டியிருப்பாங்க. சுகிர்தா சொல்லிக் கொடுத்தான்னு.

இல்லைங்க, ஒண்ணுமில்லை. தண்ணி வேண்டாம். கொஞ்சம் இருங்க.

நான் எப்ப உண்மையைச் சொல்றேன்னு ஒவ்வொருத்தரா அனுப்பி அனுப்பிப் பார்த்திருக்கா. சித்திரையிலிருந்து. தினமும் போன்லயும் பேசிக்கிட்டு.

உங்களை யார் கொண்டுவந்து விட்டாங்க? பஸ்ஸுல வந்ததாத்தானே நினைச்சேன். அவ கார்லயா? கீழேயே இருக்காளா? இந்த வெயில்லயா? கண்ணாடியை இறக்கி வச்சிருக்காளா? பிரேக்கை அந்தக் காலால... இல்லை, ஆட்டோமேடிக் வண்டி, கட்டின கால் இடதுதான். ஓட்டலாம்.

இருங்க. சத்தம் போடாதீங்க.

படியில கேட்குதா? ஒரு கால் நல்லா ஊணும். இன்னொண்ணு சப்புன்னு விழும். பாதத்தைத் தூக்க முடியாதவங்க நடந்தா அப்படித்தான் கேட்கும். முதல் மாடிதான் ஆகியிருக்கு. நின்னுட்டா. ஒன்பது மாசமா இந்தப் படி ஏறினதில்லை அவ. நானும் கூப்பிட்டதில்லை. லிஃப்ட் இல்லாத வீடுன்னு சாக்கு இருந்தது.

வராதே, அங்கேயே இருன்னு இங்கேருந்து கத்தலாம். எனக்குக் கத்த வராது. நான் இறங்கறேன். அவ இன்னும் முப்பத்தாறு படி ஏற வேண்டாம்.

நீங்களும் கூட வாங்க. எனக்குப் பின்னாடியே வாங்க. அவ முன்னாடி போய் நின்னதும் சிரிச்சிட்டு, ஏண்டி ஏறி வந்தேன்னு மட்டும் கேட்டுட்டு நிறுத்திடுவேன். எனக்குத் தெரியும். அப்படி நான் நிறுத்தினா, இவ என்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டான்னு நீங்க சொல்லிடுங்க. நான் பக்கத்துலதான் நிற்பேன். மறுக்க மாட்டேன்.